பிரேக்குக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய்

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் காளியாத்தாளிடம் எண்ணெய் வாங்கப் போகிறவர்கள், பாட்டிலை நீட்டும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"எதுக்குங்க?"

தலைக்கா, தாளிக்கவா, வண்டி அச்சுக்கா, மாட்டு வயிற்றுக்கா, கோயில் விளக்குக்கா என்று சொல்லாதவருடைய பாட்டில் காலியாகவே திரும்பும். வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்கூட இத்தனை விசாரணை கிடையாது. காசு கொடுத்து வாங்குகிறவன் எதுக்கு வாங்கினால் என்ன என்று புது ஆள் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், அன்றைக்கு எண்ணெயோடு சேர்த்து அவருடைய வளர்ப்பைப் பற்றியும் நாலு வார்த்தை கிடைக்கும்.

அந்த வாய்க்குப் பயந்து யாரும் வராமல் இருந்ததில்லை. எண்ணெய் அப்படி. புருஷன் நஞ்சப்பன் பொள்ளாச்சிச் சந்தையில் எள்ளும் கடலையும் பார்த்துப் பார்த்து வாங்கி வந்து, வீட்டுச் செக்கில் ஆட்டித் தருவான். அவன் செக்குமாட்டோடு மட்டும் பேசுகிறவன். மனிதர்களோடு பேசும் வேலையை மொத்தமாகப் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டான். எள் ஆட்டும்போது எல்லாரும் போடும் கருப்பட்டியை அவள் ஒரு பிடி கூடுதலாகப் போடச் சொல்வாள். அதனால் அவள் கடை நல்லெண்ணெய்க்கென்று ஒரு தனி வாசம் உண்டு. சனிக்கிழமை காலையில் கடைவீதியில் நடந்தால், யார் யார் எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

வேறு கடை எண்ணெயில் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, சூடு பறக்கத் தேய்த்து, மோந்து பார்த்து, "பருத்திக்கொட்டை கலந்திருக்குது" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. கோயமுத்தூரிலிருந்து டின் டின்னாகக் கடலை எண்ணெய் கொண்டு வந்த ஒரு வியாபாரி, அவள் கையைத் தேய்க்க ஆரம்பித்ததைப் பார்த்ததுமே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டான். காளியாத்தாள் கடையில் கலப்படம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசையும் கிடையாது. இந்தப் பேர் ஒன்றைத்தான் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

இன்னொன்றும் இருந்தது. அளவுக் குவளையில் தலை தட்ட அளந்து ஊற்றிய பிறகு, ஒரு கரண்டி கொசுறு விடாமல் அவள் பாட்டிலை மூட மாட்டாள். கொசுறு இல்லாமல் வாடிக்கைக்காரரை அனுப்புவது, வீட்டுக்கு வந்தவரைப் பாதிச் சோற்றில் எழுப்பி அனுப்புவது மாதிரி அவளுக்கு. கஞ்சத்தனம் கெடுதல் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். தாராளமும் கெடுக்கும் என்பதைக் காளியாத்தாள் எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த வருஷம் டாக்சிக்கார ரத்தினசாமி ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கியிருந்தான். நெல்லியாம்பதி எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன கார். அதன் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் 'தொரை வண்டி' என்றே அழைத்தார்கள். மற்ற டாக்சிகளில் இல்லாத ஒரு சிவப்பு விளக்கு அதன் முன்பலகையில் இருந்தது. பிரேக்குக்காக வைத்த விளக்கு அது. ஏறுகிறவர்களுக்கெல்லாம் ரத்தினசாமி அதைக் காட்டுவான். கைப்பிரேக்கை இழுப்பான், விளக்கு எரியும். இறக்குவான், அணையும். "பாத்தீங்களா, வண்டியே நம்மகிட்டப் பேசுது" என்பான். வாடகைக்கு வந்தவர்கள் இந்த வேடிக்கை முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காலை கைப்பிரேக்கை இறக்கினான். விளக்கு அணையவில்லை. மறுபடி இழுத்து இறக்கினான். கண்ணாடியைச் சுண்டினான். கெஞ்சினான். கடைசியில் பழைய பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் பக்கத்தில் பட்டறை போட்டிருந்த மாரப்பனிடம் ஓட்டிக்கொண்டு போனான்.

மாரப்பன் அதுவரை பம்ப்செட் மெக்கானிக். நெல் வயலிலும் கடலைக்காட்டிலும் மோட்டாரோடு மல்லுக்கட்டிச் சலித்துப் போய், காருக்கென்று பட்டறை திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 'பம்ப்செட்டுக்காரனுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்' என்று ஒருவரும் வரவில்லை. வந்த முதல் கார் தொரை வண்டி. அதனால் அவன் அதைத் தொடும்போதே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான்.

முதலில் கைப்பிரேக் கம்பி முழுக்கத் தளர்கிறதா என்று பார்த்தான். தளர்ந்தது. பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் இருக்கும் சின்னப் புட்டியைப் பார்த்தான். ஆயில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. உள்ளே ஒரு மிதவை; ஆயில் குறைந்தால் அது இறங்கி விளக்கைப் போட்டுவிடும். எங்காவது ஒழுகுகிறதா என்று வண்டிக்கடியில் புகுந்து குழாயெல்லாம் தடவி, நாலு சக்கரத்தின் உள்பக்கமும் விரல்விட்டுப் பார்த்தான். ஈரமே இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றியதும் சங்கதி தெரிந்துபோயிற்று.

"பிரேக் கட்டை தேஞ்சிருக்குதுங்கண்ணா. கட்டை தேஞ்சா அந்த எடத்த ரொப்பறதுக்கு ஆயில் கீழ எறங்கும். ஒழுக்கு ஒண்ணுமில்லீங்க. கட்டை இன்னும் ஒரு மாசம் தாங்கும், அதுக்குள்ள கோயமுத்தூர்ல வாங்கிப்போடலாம். இப்பத்திக்கு ஆயில ரொப்பிக்கலாமுங்க."

எந்த ஆயில்? புட்டியின் மூடியில் இங்கிலீஷில் ஏதோ பொறித்திருந்தது. அந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரஸ்வதியம்மாள் டீச்சரை ரத்தினசாமி கூப்பிட்டான். கல்பாத்தியிலிருந்து மாற்றலாகி வந்தவர். குடையை மடக்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சைத்தாள் திருத்துகிற நிதானத்தோடு வாசித்தார்.

"மூடியைத் தொறக்கறதுக்கு முன்னாடி நன்னா துடைக்கணுமாம். சீல் உடைக்காத டின்னிலேர்ந்து எடுத்த ஆயிலைத்தான் விடணுமாம், கேட்டேளா."

"சீலாவது ஒண்ணாவது! காளியாத்தாக்கா கடையவிடவா தொரையோட சீலு பெருசு?" என்றான் ரத்தினசாமி. டீச்சர், தன்னை வாசிக்க மட்டும்தான் கூப்பிட்டார்கள் என்பதைப் புரிந்துகொண்டு குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மாரப்பன் மூடியைத் துணியால் நாலு தரம் துடைத்தான். ஆயில் விஷயத்திலும் கவனமாகத்தான் சொல்லி அனுப்பினான். "ரெண்டு ஜாதி இருக்குதுங்கண்ணா. வெளக்கெண்ண வாசம் அடிக்கறது பழைய லாரிங்களுக்கு. இதுக்கு அது ஆகாது. அந்த வாசம் இல்லாததா வாங்கியாங்க."

லாரிக்காரர்கள் கேட்கிறார்களே என்று காளியாத்தாள் ஜாதிக்கு ஒன்றாகப் பிரேக் ஆயில் டின் இரண்டை வாங்கி, நல்லெண்ணெய்த் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சில்லறையில் விற்றுக்கொண்டிருந்தாள். அந்த வஸ்துவின் மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. தின்னவும் ஆகாது, தேய்க்கவும் ஆகாது, சாமிக்கு ஏற்றவும் ஆகாது. அதெல்லாம் ஓர் எண்ணெயா?

"எதுக்குங்க?" என்றாள் வழக்கம்போல.

"பிரேக்குக்குங்கக்கா. வெளக்கெண்ண வாசம் இல்லாத ஜாதி. கால் லிட்டர்."

டின்னைச் சாய்த்தாள். அடியில் இருந்தது அவ்வளவும் வந்து குவளையின் விளிம்பைத் தொட்டது. சரியாகக் கால் லிட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு இல்லை. டின்னைக் கவிழ்த்துத் தட்டினாள். இல்லை. இன்னொரு டின்னில் இருந்ததோ அவன் வேண்டாமென்ற விளக்கெண்ணெய் ஜாதி. பாட்டிலில் ஊற்றி மூடப் போனவளுக்குக் கை ஓடவில்லை. கொசுறு?

ரத்தினசாமி திரும்பி நின்று, நாலு கடை தள்ளிப் பட்டறை வாசலில் நின்ற தொரை வண்டி மேல் ஏறப் பார்த்த ஆட்டை அதட்டிக்கொண்டிருந்தான். காளியாத்தாள் பக்கத்துத் தகரத்தில் கரண்டியை விட்டு, ஒரு கரண்டி நல்லெண்ணெயை வழிய வழிய மொண்டு பாட்டிலில் விட்டாள். மனசு நிறைந்தது. அந்தக் கருமத்துக்கு இத்தனை நல்ல எண்ணெய் கிடைத்ததே பெரிது என்றுதான் நினைத்தாள். பழுப்புப் பாட்டில் என்பதால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. மாரப்பன் கோடு வரைக்கும் ஊற்றினான், விளக்கு அணைந்தது, மூன்று பேருக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் பத்து நாள் இருந்தது.

பதினோராம் நாள் சனிக்கிழமை. நெல்லியாம்பதிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன ரத்தினசாமி போத்துண்டி அணையைத் தாண்டவில்லை. சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடு, லேசாகப் புகை. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. ஏறியவர்களை நெம்மாறை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நின்று நின்று, ஆற வைத்து ஆற வைத்து, பிற்பகலில் கொழிஞ்சாம்பாறை வந்து சேர்ந்தான். வரும் வழியெல்லாம் மாரப்பனைத் திட்டித் தொண்டை கட்டியிருந்தது.

டீக்கடை முன்னாலேயே வண்டியை நிறுத்தி மாரப்பனைக் கூப்பிட்டான். கூட்டம் கூடிவிட்டது. மாரப்பன் பானெட்டைத் திறந்தான். புட்டியில் ஆயில் கோடு வரைக்கும் நிறைந்திருந்தது, ஆனால் விளக்கு எரிகிறது. மூடியைத் திருகினான். அதற்கடியில் இருந்த ரப்பர் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, மிதவையின் தண்டைக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. மேலேயே இப்படியென்றால் உள்ளே இருக்கிற ரப்பரும் உப்பித்தான் பிரேக்கை விடாமல் பிடித்திருக்கும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. புட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி டீக்கடைக் கண்ணாடி டம்ளரில் விட்டான். சிறிது நேரத்தில் அது இரண்டு அடுக்காகப் பிரிந்து நின்றது.

"பம்ப்செட்டுக்கு ஊத்தற ஆயில இதுலயும் ஊத்திப்போட்டயாடா?" என்றான் ரத்தினசாமி. "மலை எறங்கறப்ப ஆகியிருந்தா நாலு உசுரு! உன்ற பட்டறைக்கு இனி ஒரு வண்டி வருதான்னு பாத்துடறேன்."

"சாமி சத்தியமா நான் வேற ஒண்ணும் ஊத்தலீங்கண்ணா. அக்கா கடையில வாங்குனதுதான்."

"அக்கா கடையவா சொல்ற?" என்று கூட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மாரப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. "சரிங்க, அக்காவே சொல்லட்டும். எண்ணெயப் பத்தி அவுங்களுக்குத் தெரியாததா?" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த எண்ணெய்க் கடைக்கு நடந்தான். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

காளியாத்தாளுக்கு இது பழகிய வேலை. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மேலடுக்கிலிருந்து விரலால் தொட்டு உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். அவள் கையை மூக்கருகே கொண்டு போனாள்.

நல்லெண்ணெய். கருப்பட்டி ஒரு பிடி கூடுதலாகப் போட்ட நல்லெண்ணெய்.

அவளுக்கு டின்னைக் கவிழ்த்துத் தட்டியது, கரண்டியை விட்டது, மனசு நிறைந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இருபது வருஷமாகச் சேர்த்த பேர். வாயைத் திறந்தால் அது போயிற்று. 'என்னமோ தெரியலீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேர் நிற்கும். மாரப்பன் நாளைக்கே கடலைக்காட்டுக்குப் போய் மோட்டாருக்குத் திருப்புளி பிடிப்பான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது. இப்படி நம்பித் தொலைக்கிறானே!

"இது என்ற கடை நல்லெண்ணெய்" என்றாள். "நாந்தான் ஊத்துனேன். மாரப்பன் மேல தப்பில்ல."

ரத்தினசாமி சிரித்தான்.

"அக்காவுக்கு எளகுன மனசு. பாவம், பையன் பொழைச்சுப் போகட்டும்னு பழியத் தம்மேல போட்டுக்கறாங்க."

"அதுதானுங்க! அவுங்க கடையில கலப்படம்னா காக்காகூட நம்பாது" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் தலையாட்டியது. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாரப்பன் இன்னும் கூனிப்போய், "எனக்காகப் பொய் சொல்லாதீங்கக்கா, எனக்கு இன்னமும் அசிங்கமா இருக்குது" என்றான்.

காளியாத்தாள் திகைத்துப் போனாள். உண்மையைச் சொன்னால் பேர் போகும் என்று பயந்தாளே, அந்தப் பேர் அவள் உண்மையையே உள்ளே விடாமல் வாசலில் நின்று தடுத்தது. அவள் பேர் இன்னும் ஒரு முழம் வளர்ந்துவிட்டது. மாரப்பனோ, ஒரு பொம்பளை பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய ஆளாகி இன்னும் கீழே போய்விட்டான். இப்படியே விட்டால் கேட்பார் இல்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏனுங்க, ஊருல எல்லாரும் தப்புப் பண்ணுவீங்க, நான் மட்டும் பண்ணக் கூடாதா?" என்று எழுந்தாள். "இன்னொரு டம்ளர் கொண்டாங்க!"

போன வாரம் வந்த புது டின்னைப் பிரித்து டம்ளரில் பிரேக் ஆயில் ஊற்றினாள். நல்லெண்ணெய்த் தகரத்திலிருந்து எடுத்து அதன் மேல் விட்டாள். இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே இரண்டு அடுக்கு, அதே நிறம். கூட்டம் அதையும் பார்த்துவிட்டு, "எந்த எண்ணெய ஊத்துனாலும் அப்படித்தான் நிக்கும்" என்றது. குற்றவாளி இத்தனை பாடுபட்டுக் குற்றத்தை நிரூபித்து அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

"ரத்தினம், கைய நீட்டு. ரெண்டையும்."

அவன் நீட்டினான். இடது உள்ளங்கையில் வண்டியிலிருந்து எடுத்ததில் மேலடுக்கு, வலது உள்ளங்கையில் தகரத்து நல்லெண்ணெய். "தேச்சு மோந்து பாரு."

ரத்தினசாமி வலதை மோந்தான். இடதை மோந்தான். மறுபடி வலதை. அவன் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை தவறாமல் தலையில் வைத்துத் தேய்க்கிற வாசம் இரண்டு கையிலும் இருந்தது. அன்று காலை குளித்த தலையிலும் இருந்தது. அதை அவன் மூக்கால் மறுக்க முடியவில்லை.

"ஆமாங்கக்கா" என்றான் மெதுவாக. "உங்களுதுதான்."

அப்புறம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டின் தீர்ந்தது, கொசுறு விட ஆயில் இல்லாதது, வெறுங்கையாக அனுப்ப மனசு வராமல் பக்கத்துத் தகரத்திலிருந்து ஒரு கரண்டி விட்டது. அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாலு உசுருன்னு சொன்னியே, அதுதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

ரத்தினசாமிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு சாவியை எடுத்து மாரப்பனிடம் நீட்டினான். "உன்னச் சொன்னது தப்புடா. எல்லா ரப்பரையும் நீயே மாத்திக் குடு." மாரப்பன் கையைக் கழுவிவிட்டு வந்துதான் சாவியை வாங்கினான்.

இருந்த ஆயில் முழுவதையும் வடித்து, குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, உப்பிய ரப்பரையெல்லாம் தூக்கிப்போட்டுப் புதியது வைத்தான். தேய்ந்த கட்டையையும் அதோடு மாற்றினான். கோயமுத்தூரிலிருந்து சீல் உடைக்காத டின் வந்தது. சரஸ்வதியம்மாள் டீச்சரே நேரில் வந்து டின்னில் உள்ளதையும் மூடியில் உள்ளதையும் வாசித்து, இரண்டும் ஒன்றுதான் என்று சொன்ன பிறகே மாரப்பன் ஊற்றினான். "அன்னிக்கே வாசிச்சேனே" என்று அவர் மூன்று தரம் சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

காளியாத்தாள் கடை வெறிச்சோடியது. பழகியவர்கள் வந்தார்கள்தான், ஆனால் குவளையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்கள். கோயில் விளக்குக்கு வாங்குகிறவர் வரவே இல்லை. "எள்ளு ஆட்டட்டுமா, வேண்டாமா?" என்று நஞ்சப்பனே வாயைத் திறந்து கேட்டான். அவன் கேட்டதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. பேர் போய்விட்டது என்று அவள் தீர்மானித்துக்கொண்டாள். சொன்னதற்காக வருத்தமில்லை, போனதற்காக வருத்தமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் கோவிந்தாபுரம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் பெரிய தகர டப்பாவோடு இறங்கினாள். முன்பின் பார்த்திராத முகம். கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து காளியாத்தாள் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, காருக்கு நல்லெண்ணெய் ஊத்துன கடை இதுதானுங்களா?"

காளியாத்தாளுக்குச் சுரீர் என்றது. கோவிந்தாபுரம் வரைக்கும் போய்விட்டதா! வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். இனி இதுதான் கடையின் பேர், ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

"ஆமாங்க. நாந்தான் ஊத்துனேன்."

"அப்பச் சரி" என்று அந்தப் பெண் டப்பாவை இறக்கி வைத்தாள். "எம் பொண்ணு ஊட்டுக்கு வந்திருக்குது, பிரசவமாகி இருவது நாளாச்சு. கொழந்தைக்குத் தேய்க்கோணும். எங்கூர்ல எல்லாக் கடையிலயும் சுத்தமான எண்ணெய்னுதான் சொல்றாங்க, யாரை நம்பறதுன்னே தெரியலீங்க. இங்கதான் தப்பு நடந்தாலும் வாயத் தொறந்து சொல்லிப்போடுவாங்கன்னாங்க. அதான் பஸ் ஏறி வந்தேன்."

காளியாத்தாள் டப்பாவை வாங்கி மூடியைத் திறந்தாள். இதற்கு முன் அதில் என்ன இருந்தது என்று, தலையை உள்ளே விட்டு நன்றாக மோந்து பார்த்தாள்.